ஏழாம் வகுப்புக்கு அடுப்பைக் கொடுங்கள்

அடுப்பில்லா சமையல் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நான் போவதில்லை. ஆண்டு விழா, குழந்தைகள் தினம், அறிவியல் கண்காட்சி என்று எது வந்தாலும் பள்ளிகளில் இந்தப் போட்டி வந்துவிடுகிறது. ஊறவைத்த அவலில் வெல்லம், பிஸ்கட் மேல் ஜாம், வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்பும் மிளகாய்த்தூளும், ஓரத்தில் பூவாகச் செதுக்கிய ஒரு கேரட். அந்தக் கேரட்டை அம்மா முந்தின நாள் ராத்திரியே செதுக்கி டப்பாவில் போட்டு அனுப்பியிருப்பார். பிள்ளை அதை எடுத்துத் தட்டில் வைப்பான், முதல் பரிசு வாங்குவான், வீட்டுக்குப் போய் "அம்மா, பசிக்குது" என்பான். சமையல் என்றால் சூடு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலங்காரம்தான்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சனிக்கிழமைகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். அடுப்பு மூட்டித்தான். இதைச் சொன்னதும் சக ஆசிரியர்கள் முதலில் கேட்பது "ஏதாவது ஆயிட்டா யாரு சார் பொறுப்பு?" என்பது. நியாயமான கேள்விதான், கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் போனார்கள். இந்த மாநிலத்தில் ஆசிரியர் வேலை பார்க்கிற எவருக்கும் பள்ளி, நெருப்பு என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தால் அதுதான் ஞாபகத்துக்கு வரும், வரத்தான் வேண்டும். அதனால் எங்கள் அடுப்பு கட்டடத்துக்குள் இல்லை. மைதானத்தின் ஓரம், மேலே கூரை கிடையாது, நாலு பக்கமும் திறந்தவெளி, ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், சின்ன 5 கிலோ சிலிண்டர், இரண்டு பர்னர். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, தலைமை ஆசிரியர் ஒரு தடவை வந்து நின்று பார்த்து, அதற்கப்புறம்தான் ஆரம்பித்தோம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் நெருப்பே பார்க்காதவர்கள் இல்லை. காட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற அப்பா அம்மா விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்தது, நல்ல திட்டம், ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் காலைச் சாப்பாடு அவரவர் பாடு. பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பதினோரு வயதுப் பிள்ளை தனியாக கேஸைப் பற்றவைத்து ஏதோ செய்துகொள்கிறது, அல்லது வெறும் வயிற்றோடு வந்து இரண்டாவது பீரியடில் தூங்குகிறது. தனியாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல் வீட்டில் பற்றவைக்கிற அதே அடுப்பை நாலு பேர் பார்க்க இங்கே பற்றவைக்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் சமையல் என்பது நமக்குப் புதுசே இல்லை. காமராஜர் காலத்து மதிய உணவு 1956-இல், எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-இல், இன்றைக்கு வரைக்கும் வகுப்பறைக்குப் பக்கத்திலேயே தினமும் உலை கொதிக்கிறது. சாம்பார் வாசனை கணக்குப் பாடத்துக்குள் வருகிறது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள், சாப்பிடுவார்கள், கழுவிவிட்டுப் போவார்கள். எட்டு வருஷம் ஒரு சமையற்கூடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமலே வெளியே போய்விடுகிறார்கள். சத்துணவுக் கூடத்துக்குள் பிள்ளைகளை விடக்கூடாது, அது சரி. அங்கே இருக்கும் பாத்திரங்களின் அளவுக்கு நானே உள்ளே போகப் பயப்படுவேன். ஆனால் எங்கள் சமையலர் அக்கா சனிக்கிழமை சில சமயம் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார், "ஏன்டா உப்ப அப்படி கொட்டுற, தூவுடா" என்று ஒரு அதட்டு போடுவார். என் அரைமணி நேர வகுப்பைவிட அது நன்றாக வேலை செய்யும்.

முதல் சில வாரம் சமையலே இல்லை. சிலிண்டர். கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றமடிக்கிற மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள் என்று சொன்னதும் ஒருத்தரும் நம்பவில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும், அதனால்தான் கசிவு என்றால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்கணும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யணும். இதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லி, பாதிப் பேர் வீட்டில் டியூபைத் திருப்பிப் பார்த்து, வெடித்துப்போய் இருந்ததை மாற்றியிருக்கிறார்கள். சுட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டூத்பேஸ்ட், இங்க், தோசை மாவு, மஞ்சள் என்று பதில் வந்தது. எதுவும் வேண்டாம், குழாயைத் திறந்து 20 நிமிடம் கையை ஓடுகிற தண்ணீரில் காட்டு, அவ்வளவுதான், பெரிய காயமென்றால் ஆஸ்பத்திரி. ஐஸும் வைக்கக்கூடாது. தோசை மாவுக் கட்சிதான் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கத்தி விஷயத்தில் பெற்றோருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். மொட்டைக் கத்தி கொடுங்கள் சார், பிள்ளைகள் கை வெட்டிக்கொள்ளும் என்கிறார்கள். நேர்மாறு. மொட்டைக் கத்தி தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கி விரலுக்கு வரும். நல்ல கூர்மையான கத்தி, அடியில் ஈரத்துணி விரித்த பலகை, பிடிக்கிற கையின் நகத்தை உள்ளே மடக்கிக்கொள்வது, எந்தக் காயையும் முதலில் ஒரு பக்கம் சீவித் தட்டையான பக்கத்தைக் கீழே வைப்பது. இதற்கு மேல் கத்தியில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அரிவாள்மனை எனக்கு வராது, அதில் என்னைவிட ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வேகம், அதனால் அந்தப் பாடத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் தாளிப்பு. இதில்தான் நான் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மூக்கு, காது, கண் மூன்றையும் ஒரே நிமிஷத்தில் வேலைக்கு அனுப்புகிற காரியம் அது. இரும்புக் கரண்டியில் எண்ணெய் காய்கிறது. ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்ப்போம், அது சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கடுகு போட்டதும் முதலில் சத்தமில்லை, அப்புறம் ஒன்று, இரண்டு, பிறகு படபடவென்று மொத்தமாக, அந்தச் சத்தம் தளர ஆரம்பிக்கும்போது "இப்ப!" என்று கத்தணும். அப்போது உளுத்தம்பருப்பு. முந்திப் போட்டால் கடுகு பொரிவதற்குள் பருப்பு கருகும், பிந்திப் போட்டால் கடுகு கசக்கும். உளுந்து பொன்னிறத்துக்கு வருமுன்னே அடுப்பை அணைத்துவிடணும், மீதி நிறத்தைக் கரண்டியின் சூடே கொண்டுவந்துவிடும். கரண்டி அணைந்த பிறகும் சமைக்கும் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை.

அந்தக் கறிவேப்பிலையில் ஒரு பையன் மாட்டினான். கழுவிய இலையை உதறாமல் அப்படியே போட்டான், எண்ணெய் தெறித்தது, எல்லோரும் பின்னால் ஓடினார்கள். ஓடியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அங்கேயே பாடம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும், அங்கே இருக்கிற சூட்டில் சட்டென்று ஆவியாகும், ஒரு சொட்டு தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும், அந்த இடத்துக்காக மேலே இருக்கிற எண்ணெயைத் தூக்கி எறியும். இலையில் ஒட்டியிருந்த நாலு சொட்டுக்கே இந்தப் பாடு என்றால், எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடிக்கும்போது பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பிள்ளை மெதுவாக "கூரைக்குப் போயிரும் சார்" என்றது. மூடியைப் போட்டு மூடு, அடுப்பை அணை, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் மூடி எடுத்துவைக்காமல் யாரும் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவதில்லை, நான் சொல்லி அல்ல, அவர்களே ஒருத்தரை ஒருத்தர் "மூடி எங்கடா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். இந்த வகுப்பை ஆரம்பித்தபோது பையன்கள் குதித்தார்கள், பெண்பிள்ளைகள் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேராகவே கேட்டாள்: "வீட்லயும் இதான் சார், இங்கயும் இதானா?" சோறு வடிப்பது, தம்பிக்குப் போடுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கே வருகிறாள். பையனுக்குச் சமையல் சனிக்கிழமை விளையாட்டு, அவளுக்கு ஓவர்டைம். சமையல் கற்றுக்கொண்டால் தன்னம்பிக்கை வளரும் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

அதனால் வேலையைப் பிரித்தோம். வீட்டில் ஏற்கெனவே சமைக்கிறவர்கள் இங்கே கரண்டியைத் தொட வேண்டாம், "ஏன்" என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. இவ்வளவு நாள் "அப்படித்தான்" என்று சொல்லிச் செய்யவைத்த எதையாவது எடுத்து வாருங்கள், சோதித்துப் பார்க்கலாம் என்றேன். அதே பெண் அடுத்த வாரம் வந்தாள். பருப்பு வேகுமுன்னே புளியைக் கரைத்து ஊற்றக்கூடாது என்று அப்பத்தா திட்டுகிறார், ஏன்? சரி, இரண்டு பாத்திரம், அளந்து ஒரே அளவு துவரம்பருப்பு, ஒரே அளவு தண்ணீர், ஒன்றில் மட்டும் புளிக்கரைசல். தண்ணீர் ஊற்றும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குறுக்கே வந்து, எங்க அம்மா போர் தண்ணியில பருப்பு வேகாதுன்னு லாரித் தண்ணியத்தான் வைக்கும், அதையும் பாக்கலாமா என்றான். போர் தண்ணீரோடு மூன்றாவது பாத்திரம் வந்தது. பர்னர் இரண்டுதான், அதனால் மூன்றாவதுக்கு மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினோம், சூடு ஒரே அளவு இல்லையே சார் என்று உடனே ஆட்சேபணையும் வந்தது. அந்த ஆட்சேபணைக்காகவே எனக்கு அன்று சம்பளம் செரித்துவிட்டது.

புளி போடாதது முக்கால் மணி நேரத்தில் கரண்டியில் மசிந்தது. புளி போட்டது, தோற்றத்தில் அதே மாதிரிதான், விரலில் நசுக்கினால் நடுவில் கடுக்கென்றது. போர் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின், வெந்தால் அது கரையணும், புளியின் அமிலம் அதைக் கரையவிடாது, போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதை இன்னும் இறுக்கும். அடுப்புச் சூடு பற்றிய ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டு, பின்னொரு வாரம் மூன்றையும் விறகிலேயே வைத்துப் பார்த்தார்கள், வரிசை மாறவில்லை. அப்பத்தா ஜெயித்தார். அந்தப் பெண்ணுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் இப்போது நோட்டில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள்: கீரையை ஏன் மூடாமல் வேகவைக்கணும், உளுந்தை ஏன் தனியாக ஆட்டணும், மார்கழியில் மாவு ஏன் புளிக்க மாட்டேன் என்கிறது.

பையன்களுக்கு வேறு விதி. சமைத்தவன்தான் விளக்கணும். பால் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சபீனா போட்டு அரைமணி தேய்த்தவன் மறுமுறை பால் பொங்குகிறவரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டான். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாக உரியும் என்பதை நான் அவர்களுக்கு ரொம்ப நாள் சொல்லவில்லை. ஒரு அப்பா வந்து "பொம்பளப் புள்ளைக்குச் சொல்லிக்குடுங்க சார், பையனுக்கு எதுக்கு?" என்று கேட்டார். அண்ணே, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு யாரு சமைச்சது, பைபாஸ்ல பரோட்டா போடறது யாரு என்று கேட்டேன். அது தொழில் சார், என்றார். காசு வந்தால் ஆண் வேலை, காசு வராவிட்டால் பெண் வேலை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார், அதுவும் உண்மை.

அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வகம் எங்களிடம் இல்லை. சாம்பார் தெறித்த வெள்ளைச் சட்டையை ஒருவன் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்க்க, மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறியது, அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஆறாம் வகுப்பு மொத்தமும் கூடிவிட்டது. சோப்பு காரம், மஞ்சள் காரத்தில் சிவக்கும். மேலே எலுமிச்சை பிழிந்ததும் மறுபடி மஞ்சள். அப்புறம் சட்டையை வெயிலில் காயப்போட்டான், சாயங்காலத்துக்குள் கறை பாதிக்குமேல் வெளுத்துப்போனது, மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் தாளை வைத்து நான் வருஷாவருஷம் நடத்துகிற பாடம் அது.

பொருளுக்குக் காசு எங்கிருந்து என்று சிலர் கேட்கலாம். பெரிய செலவு இல்லை. எங்கள் தலைமுறையில் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு, ஒரு கத்தரிக்காய் என்று கொண்டுவந்து மரத்தடியில் மூன்று கல் கூட்டிக் கூட்டாஞ்சோறு ஆக்குவோமே, அதே முறைதான். எண்ணெயும் கேஸும் என் கணக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்தில் இருப்பதால் காய்க்குப் பஞ்சமில்லை, முருங்கையோ கேட்கவே வேண்டாம். தக்காளி விலை விழுந்தால் பறிகூலிக்குக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள், சாலையில் கொட்டுவதும் உண்டு. இந்தத் தடவை அப்படி விழுந்தபோது பிள்ளைகள் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள், தொக்கு போட்டோம்.

தொக்குக்கு நேரம் சொல்லக்கூடாது, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வரும்வரை கிண்டணும், அதுதான் கடிகாரம். தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர், அது போகப் போகத்தான் கெடாமல் இருக்கும், உப்பும் புளிப்பும் மேலே நிற்கிற எண்ணெயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, பாட்டில்களைக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று கொடுத்தேன். ஈரக் கரண்டி போடாதீர்கள் என்று சாக்பீஸால் எழுதியும் போட்டேன். ஒரு குழுவின் பாட்டில் மட்டும் பத்து நாள்கூடத் தாங்கவில்லை, மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. யார் ஈரக் கரண்டி போட்டது என்று ஒரு வாரமாகச் சண்டை, ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. கொட்டிவிடட்டுமா சார் என்று கேட்டார்கள், வேண்டாம் என்று மூடியை இறுக்கி டேப் ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் வருகிறது. நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவைக்கும் பொறுப்பு அந்தக் குழுவுக்குத்தான்.